தமயந்தி சொன்ன அலை உயரம்

அக்டோபர் 1

பயமெல்லாம் இல்லை. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, அதனால்தான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். கோகிலா அக்காவிடமும் இதையேதான் சொன்னேன்.

"கால் ஆடுனா அடியில ஒரு அட்டைய மடிச்சி வையி. செத்தவ நாற்காலி, ஒக்காரப் பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்டா. யாரு சிரிக்கப் போறா?"

சிரித்தது அவர் மட்டும்தான்.

ஊர் புன்னைமேடு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி. வலைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை, வாசலில் 'தகவல் மையம்' என்று போர்டு. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மைக். டவுனில் இருக்கும் ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், ப்ளஸ் டூ ரிசல்ட், துபாயில் இருக்கும் மகன் முகம் எல்லாம் இந்த அறைக்குள்தான் வரும். ஊரில் பாதிப் பேரிடம் பட்டன் போன். மீதிப் பேரிடம் டச் போன் இருக்கிறது, நெட் கிடைக்காது.

ஆனால் முக்கியமான வேலை வேறு. விடிவதற்குள் எழுந்து, கடல் நிலவரம் வரும் இணையதளத்தைத் திறந்து, அலை எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு வேகம் என்று பார்த்து மைக்கில் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். கரையோரக் கம்பங்களில் புனல் ஸ்பீக்கர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஃபைபர் போட்டைக் கடலில் தள்ளுவார்கள். தொழிலுக்குப் போவது என்றால் இங்கே மீன் பிடிக்கப் போவது. மற்ற எதுவும் இவர்களுக்குத் தொழில் கிடையாது.

நான்கு வருடம் இதைச் செய்தவள் தமயந்தி. மாசி மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அன்றிலிருந்து மையம் பூட்டிக் கிடந்தது. நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறேன். அப்பா, "வயலுக்கு வா, இல்ல எங்கயாவது தொலை" என்றார். தொலைந்து வந்த இடம் இது. எங்கள் ஊர் உள்ளே, வயல்காட்டுப் பக்கம். கடலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "கடல் தெரியணும்னு இல்ல இன்பரசன், கம்ப்யூட்டர் தெரிஞ்சாப் போதும்" என்று டிரஸ்டிலிருந்து ரெஜினா மேடம் சொன்னார். தங்குவது பின்னால் இருக்கும் தடுப்பில். பாய், கொசுவர்த்தி, ஒரு பக்கெட்.

கோகிலா அக்கா மீன் விற்பவர். மையத்தைக் கூட்டித் துடைப்பதும் அவர்தான். அவர் தம்பி ஆத்மநாதன்தான் தமயந்தியின் புருஷன். ஜன்னல் வழியே பார்த்தால் தெரிகிறார். வலைக்கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். பொண்டாட்டி போனதிலிருந்து கடலில் இறங்கவில்லையாம்.

அக்டோபர் 2

முதல் அறிவிப்பு. எழுதி வைத்துப் படித்தேன். "அனைவருக்கும் வணக்கம். இன்றைய அலையின் உயரம் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். காற்றின் வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்."

வெளியே வந்தால் கரையே சிரிக்கிறது. செல்லக்கண்ணு என்று ஒரு பெரியவர், ஆத்மநாதன் போட்டில் பங்குக்குப் போனவர், பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ரேஷன்ல பாமாயில் எப்ப போடுறாங்கன்னும் சேத்து சொல்லிடுறது."

"கொரலு இன்னும் ஒடையவே இல்லடா இவனுக்கு" என்றான் ஒருத்தன்.

பிறகு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், அவர்களாக முடிவு செய்துகொண்டு போட்டைத் தள்ளினார்கள். நான் சொன்னது காக்கா கத்தியது மாதிரிதான்.

"தமயந்தி எப்படித்தான் சொல்லும்?" என்று அக்காவிடம் எரிச்சலோடு கேட்டேன்.

"அது சொன்னா அலை கண்ணுல தெரியும்."

அக்டோபர் 5

மழை. கரண்ட் இல்லை. தூங்கினேன்.

அக்டோபர் 8

கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபோல்டர். பெயர்: 'நான் வராத நாளுக்கு'.

உள்ளே சின்னச் சின்னதாக ஆடியோ. முதலாவதைத் தொட்டேன். "இந்தாங்க, கேட்டுக்குங்க." அவ்வளவுதான். அடுத்தது: "அலை அரை ஆளு ஒசரம்." அடுத்தது: "ஒரு ஆளு ஒசரம்." "ஒன்றரை ஆளு." "ரெண்டு ஆளு ஒசரம்." பிறகு காற்று: "காத்து சும்மா இருக்கு." "காத்து வேட்டிய இழுக்கும்." "காத்து ஆளத் தள்ளும்." கடைசியில் ஒன்று: "பாத்துப் போயிட்டு வாங்க."

மீட்டரை ஆளாக மாற்றியிருக்கிறாள். காற்றை வேட்டியாக. எனக்கு இது தோன்றவே இல்லை.

அக்கா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றோடு வந்து நின்றார். "காமால கண்டு ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டியிருந்திச்சி. 'நான் வர்ற வரைக்கும் யாராச்சும் அமுக்கி வுடட்டும்'னு ஒரு நாள் பூரா ஒக்காந்து பேசி வச்சிச்சு. யாரும் அமுக்கல. அதுக்குள்ள ஆளே போயிடுச்சு. பூட்டிட்டாங்க."

அரை ஆளு உயரத்துக்கு முன்னால் ஒரு சின்ன இருமல் இருக்கிறது. போயிட்டு வாங்கவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். மறுபடி மறுபடி கேட்டேன். தரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

அக்டோபர் 10

போட்டுவிட்டேன்.

நான் கத்தி யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே நல்ல குரல் சும்மா கிடக்கிறது. யோசிக்க என்ன இருக்கிறது? விடியற்காலையில் நிலவரத்தைப் பார்த்து, துண்டுகளை வரிசையாக வைத்து அமுக்கினேன். இந்தாங்க, கேட்டுக்குங்க. அலை அரை ஆளு ஒசரம். காத்து சும்மா இருக்கு. பாத்துப் போயிட்டு வாங்க.

கரையில் ஒரு சத்தம் இல்லை. இன்ஜின் போட்டவன் நிறுத்திவிட்டான். எட்டிப் பார்த்தேன். எல்லோரும் கம்பத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கோகிலா அக்கா வேகமாக வந்தார். அறைதான் விழப்போகிறது என்று ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டேன்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி. தெக்கால கம்பத்துல சரியா கேக்கல."

ஆத்மநாதன் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. மெலிந்த ஆள், தாடி. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். "நாளைக்கும் வருமா?"

"வரும்ணே" என்றேன். அவர் 'வருமா' என்று கேட்டதும் நான் 'வரும்' என்று சொன்னதும் ஏதோ பஸ்ஸைப் பற்றிப் பேசியது போல இருந்தது.

அக்டோபர் 12

ஆத்மநாதன் கடலுக்குப் போய்விட்டார். செல்லக்கண்ணுவும் அவரும். எட்டு மாதம் கரையில் குப்புறக் கிடந்த போட்டைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். கோகிலா அக்கா மதியம் எனக்கு நெத்திலி வறுத்துக் கொண்டுவந்தார். "தின்னு. எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு ஊருக்குப் புத்தி சொல்ற மூஞ்சப் பாரு."

அவர் கண் கலங்கி இருந்தது. வறுவலில் வெங்காயமே இல்லை.

மையத்துக்கும் ஆட்கள் வருகிறார்கள். இன்று மட்டும் மூன்று பெண்கள் விதவை உதவித்தொகைக்கு எழுதிக்கொண்டு போனார்கள். ரெஜினா மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "இறந்துபோனவங்க குரலா?" என்று இழுத்தார். பிறகு, "ஜனங்க கேக்குறாங்கள்ல, விடு" என்றார்.

அக்டோபர் 15

இன்று கொஞ்சம் அலை. ஒன்றரை ஆளு உயரம், காற்று வேட்டியை இழுக்கும். வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டேன். செல்லக்கண்ணு ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்பா, இன்னைக்கும் போயிட்டு வரச் சொல்லுதா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, கேட்டேன்." தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். போட்டுகள் போயின, வந்தன. ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். பிரிண்டரில் பேப்பர் சிக்கிக் கிடந்தது.

அக்டோபர் 17

ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு வலி. நாற்காலிக்கு மாறிவிட்டேன். இப்போது அது ஆடவில்லை. மழை ஈரத்துக்குக் கால் உப்பியிருக்கும். பிளாஸ்டிக் கால் உப்பிக்கொள்ளுமா என்று தெரியாது.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் ஒரு முறை இருமல் கேட்டது. வெளியே யாராவது இருமியிருப்பார்கள். வெளியே போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை, போயிருப்பார்கள்.

அக்டோபர் 19

ஆத்மநாதன் முதல் முறையாக உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, இதுல என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லையேண்ணே. அலை, காத்து, அவ்வளவுதான்."

அவரே சிரித்துவிட்டார். பல் தெரிந்ததை இன்றுதான் பார்த்தேன். "எங்க சொல்லப் போறா. கட்டுன நாள்லேருந்து ஒரு தடவ பேரச் சொன்னதில்ல. 'இந்தாங்க'ம்பா. அவ்வளவுதான். மைக்குலயும் அதயே சொல்லி ஆரம்பிப்பா. ஊர்ப் பயலுவ என்னய ஓட்டுவானுங்க. ஒம் பொண்டாட்டி ஊரையே புருஷன்னு கூப்புடுதுடான்னு."

"அப்ப காலைல..."

"என்னத்தான் கூப்புடுறா." விரலால் தரையில் எதையோ கிறுக்கினார். "கூப்புட்டுப்புட்டு, கடைசியா போயிட்டு வாங்கங்குறா. எப்புடித் தம்பி படுத்துக் கெடக்குறது?"

அந்த இருமலை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இருமல் மட்டும் போதும் என்றார். அவர் போன பிறகு, நான் எதற்காக இப்படி வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எனக்குப் பொறாமை என்று எவனாவது சொன்னால் உதைப்பேன். நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

அக்டோபர் 22

அப்பா போன் செய்தார். தீபாவளிக்கு வா என்றார். "இந்தாங்க, கேட்டுக்குங்க, நான் வரல" என்றேன். "என்னடா பொம்பள மாதிரி பேசுற?" என்றார். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 24, காலை

நிலவரம் நேற்றுவரை சாதாரணம். இன்று விடியற்காலையில் திறந்தால் சிவப்பு. அலை மூன்று மீட்டருக்கு மேல். காற்று ஐம்பத்தைந்து. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று போட்டிருந்தது.

"போகாதீங்க" என்று ஒரு துண்டு இருக்கும் என்று தேடினேன். இல்லை. எல்லாவற்றையும் திறந்து கேட்டேன். அந்த வார்த்தையே அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் விட்டிருப்பாள். நானே மைக்கில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவள் குரலுக்கு நடுவில் என் குரல் வந்தால் மறுபடி சிரிப்பார்கள்.

இருப்பதைப் போட்டேன். இந்தாங்க, கேட்டுக்குங்க. அலை ரெண்டு ஆளு ஒசரம். காத்து ஆளத் தள்ளும். பாத்துப் போயிட்டு வாங்க.

உயரத்தைச் சரியாகத்தான் போட்டேன். காற்றையும் சரியாகத்தான் போட்டேன். 'பாத்து' என்றும் இருக்கிறது.

கரையில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டார்கள். வானம் கிழக்கே மட்டும் கறுத்திருந்தது, இங்கே மழைகூட இல்லை. யாரோ, "அதான் சொல்லுதுல்ல, போலாம்" என்றார்கள். யாரோ, "ரெண்டு ஆளுங்குதேடா" என்றார்கள். ஆத்மநாதன் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதே நாள், பத்து மணி

கோகிலா அக்கா சந்தைக்குப் போனவர் பாதியில் திரும்பி ஓடி வந்தார். கூடை எங்கே என்று தெரியவில்லை. மூச்சு இரைத்தது.

"காலையில என்னாத்தடா போட்ட?"

சொன்னேன்.

"ரெண்டு ஆளு ஒசரத்துக்கு, போயிட்டு வாங்கன்னா போட்ட?"

"எப்பவும் கடைசியில அதானக்கா வரும். வணக்கம் சொல்ற மாதிரி."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். திட்டவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"கடலுக்குப் பொறப்படுறவன்கிட்ட போவாதன்னு எங்க ஊருல எவளும் சொல்ல மாட்டா. வாயிலயே வரக்கூடாது. சொன்னா திரும்பி வர மாட்டான்னு ஒரு பயம். அதனால கடல் கெட்ட நாள்ல அவ அலையச் சொல்லுவா, காத்தச் சொல்லுவா, சொல்லிட்டு நிறுத்திடுவா. போயிட்டு வாங்க வராது. எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. வரலன்னா வலையச் சுருட்டி வச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. அதான் அவ வழக்கம்."

"அத எங்கயுமே சொல்லி வைக்கலியேக்கா."

"ஊர்க்காரன்தான் அமுக்குவான்னு நெனச்சிருக்கும்."

ஐந்து போட்டு போயிருக்கிறது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் கடலின் நிறம் பிடிக்காமல் நான்கு திரும்பிவிட்டன. ஆத்மநாதன் போட்டு திரும்பவில்லை.

அதே நாள், மூன்று மணி

மழை சுவர் மாதிரி நிற்கிறது. கரையிலிருந்து முதல் அலையே தெரியவில்லை. கடலோரக் காவலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர்களும் படகை எடுக்க முடியாத காற்று. தேடப் போகிறோம் என்று இளவட்டங்கள் இரண்டு முறை போட்டைத் தள்ளினார்கள். இரண்டு முறையும் அலை திருப்பி எறிந்தது. ஒருத்தனுக்குக் கை முறிந்தது. ஆத்மநாதன் போன், செல்லக்கண்ணு போன், இரண்டும் அணைந்திருக்கிறது.

கோகிலா அக்கா நனைந்துபோய் உள்ளே வந்தார். "இன்ஜின் நின்னிருந்தா காத்து கரைப் பக்கம் தள்ளிக்கிட்டு வந்திருக்கும். கிட்டத்துலதான் கெடப்பானுங்க. கரை எந்தப் பக்கம்னு தெரியாம கெடப்பானுங்க. அவள வான்னு கூப்புடச் சொல்லு."

"வான்னு ஒண்ணு இல்லக்கா."

"போயிட்டு வாங்கவுல இருக்குல்ல? அத மட்டும் வெட்டி எடுக்க முடியாதா ஒன்னால? படிச்சவன்தான நீ?"

முடிந்தது. ரொம்பச் சுலபமாக முடிந்தது. 'பாத்துப் போயிட்டு' வரை அழித்தால் மிச்சம் 'வாங்க'. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, சத்தத்தை முழுதும் ஏற்றிவிட்டேன்.

வாங்க. வாங்க. வாங்க.

வெட்டிய பிறகு அது வேறு மாதிரி இருக்கிறது. மழையில் நிற்கிற பெண்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் இப்படிப் பேசவில்லை. நான்தான் பேச வைத்தேன். இன்று பார்த்துக் கரண்ட்கூடப் போகவில்லை. இருட்டும் வரை நிறுத்தப்போவதில்லை.

அக்டோபர் 25

செல்லக்கண்ணு கிடைத்துவிட்டார். தெற்கே அடுத்த குப்பத்தில் ஒதுங்கியிருக்கிறார். டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஆத்மநாதன் இல்லை.

அக்டோபர் 26

செல்லக்கண்ணுவை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கோகிலா அக்காவோடு நானும் போனேன். கட்டிலில் கிடந்தார். உதடெல்லாம் உப்பு வெடிப்பு. என்னைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம்தான் பேசினார்.

"இன்ஜின்ல தண்ணி ஏறிட்டுது. போட்டு கவுந்துடுச்சு. ஆளுக்கொரு கேனப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். கரை கிட்டத்துலதான்னு எனக்குத் தெரியுது. எந்தப் பக்கம்னு தெரியல. மழை. அப்பதான் கேட்டுச்சு."

"என்ன மாமா கேட்டுச்சு?"

"உனக்குத் தெரியாதா? அதான். தமயந்தி கொரலு. வாங்க, வாங்கன்னு."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"காத்து சுழட்டிச் சுழட்டி அடிச்சிச்சு. ஒரு தடவ இந்தப் பக்கம் கேக்குது, ஒரு தடவ அந்தப் பக்கம். நான் மனசுல கணக்குப் போட்டு, அலை போற பக்கம் போலாம்டா மருமவனேங்குறேன். அவன் என்னயப் பாக்கல. கடல் பக்கம் திரும்பிட்டான். கெழக்கால. 'அங்கேருந்துதான் மாமா கூப்புடுறா'ன்னான். அதட்டுனேன். சிரிச்சான். கேன வுட்டுட்டு நீஞ்ச ஆரம்பிச்சிட்டான்."

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "கூட்டிக்கிட்டுப் போயிட்டாளே பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

அக்கா பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்டோபர் 28

கடல் அமைதியாகிவிட்டது. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. தேடத்தான் போகிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊர் முடிவு செய்துவிட்டது. செத்தவள் புருஷனை விட முடியாமல் காலையில் போகச் சொல்லி அனுப்பி, சாயங்காலம் வரச் சொல்லி அழைத்துக்கொண்டாள். இப்படித்தான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையில், குழாயடியில். 'வாங்க' என்பதை நான் வெட்டி எடுத்தது கோகிலா அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. மெஷின் தானாகவே கூப்பிட்டது என்றே நினைக்கிறார்கள். என்னைப் பார்த்துப் பாவப்படுகிறார்கள். "பாவம், அந்த ரூமுக்குள்ளயே படுத்துக் கெடந்திச்சே இந்தத் தம்பி, இத அவ வுட்டு வச்சதே பெருசு" என்று ஒரு அம்மா என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்.

நான் துடைக்கவில்லை. பேய்தான் செய்தது என்றால் எனக்கு எவ்வளவு வசதி.

ரெஜினா மேடம் போன். "எல்லா ஃபைலையும் அழிச்சிடு. யார்கிட்டயும் எதுவும் பேசாத. சாவிய அனுப்பிட்டு ஊருக்குக் கெளம்பு."

பையில் துணியெல்லாம் வைத்துவிட்டேன். ஃபைலை அழிக்கவில்லை. அழிப்பது என்றால் ஒரு தடவை திறக்க வேண்டும்.

அக்டோபர் 29

இன்று சாயங்காலம் வலைக்கூடத்தில் ஊர்க் கூட்டம். ஸ்பீக்கரையெல்லாம் கழற்றுவது, மையத்தை இடிப்பது, தமயந்தி வீட்டில் இருக்கும் அவள் படத்தைக் கடலில் விடுவது, பூசாரியை வைத்து அவள் ஆவியைக் கட்டுவது. அந்தப் பெயரை இனி எந்தப் பிள்ளைக்கும் வைக்கக் கூடாது என்றும் பேசுகிறார்களாம்.

இதைச் சொன்னது கோகிலா அக்கா. நான்கு நாளாகச் சாப்பிடாத முகம். நான் பையோடு நிற்பதைப் பார்த்தார்.

"கெளம்பிட்டியா?"

"மேடம் வரச் சொன்னாங்க."

"செருப்பால அடிப்பேன். ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"நாலு வருஷம் இந்த மைக்கால எத்தன பேர் உசுரக் காப்பாத்திருக்கும் அந்தப் பொண்ணு. ஒரு நாள் தப்பிச் சொன்னதில்ல. இன்னைக்கு அதுக்குப் பேரு ஆளு முழுங்கி. எந் தம்பியும் போயிட்டான். அவளுக்குன்னு மிச்சம் இருக்குறது பேரு ஒண்ணுதான். அதயும் கடல்ல வுடப் போறானுங்க."

"நான் சொன்னா என்னக் கொன்னு போட்டுடுவாங்கக்கா."

"போடலாம்." கொஞ்சம் யோசித்தார். "போட மாட்டாங்க. ரெண்டு அடி விழும். நான் முன்னாடி நிக்கிறேன். வெட்டச் சொன்னது நானு. அதயும் சேத்துச் சொல்லு. வுடாம சொல்லு. ஆனா காலையில போட்டது நீ. அத என் வாயால நான் சொன்னா நிக்காது."

"எப்புடிச் சொல்றது?"

"எனக்கு என்னடா தெரியும்? நீதான தெனம் ஊருக்குச் சொல்ற ஆளு."

அவர் போய்விட்டார். உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் முதலில் அவளுடைய 'இந்தாங்க'தான் வாயில் வருகிறது. அதை விழுங்கிவிட்டு ஆரம்பித்தால் எனக்குக் குரலே இல்லை. முதல் நாள் அவர்கள் சிரித்த அந்தக் குரல்தான் மிச்சம். உடையாத குரல்.

ஆள் சேர்ந்துவிட்டது. ஜன்னல் வழியே தலைகள் தெரிகின்றன. செல்லக்கண்ணுவைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்திருக்கிறார்கள். பெண்கள் வெளியே மணலில். ஒரு துணியில் தமயந்தி படத்தைச் சுற்றி யாரோ மடியில் வைத்திருக்கிறார்கள். கோகிலா அக்கா முன்வரிசையில் நிற்கிறார், உட்காரவில்லை.

பஞ்சாயத்தார் ஒருவர் ஜன்னலைத் தட்டி, "தம்பி, கடைசித் தடவயா அந்த மைக்கப் போட்டு வுடுப்பா. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்" என்கிறார்.

சுவிட்ச் என் கைப்பக்கம்தான் இருக்கிறது. இரண்டாவது முறையும் தட்டுகிறார். எழுதியது போதும், எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். போகிறேன்.